ஸ்மட்ஸ் ஆவது எப்படி?

முதலில் வக்கீல் ஆகுங்கள். கேப் காலனியின் பண்ணை ஒன்றில் 1870இல் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை பள்ளிக்கூடப் பக்கமே போகாமல் மாடு மேய்த்தால் போதும். கேம்பிரிட்ஜ் சட்டத் தேர்வில் முதலிடம் தானாக வரும். 28 வயதில் டிரான்ஸ்வால் குடியரசின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியும் வரும். பின்னாளில் தென்னாப்பிரிக்கப் பிரதமரான யான் ஸ்மட்ஸுக்கு அப்படித்தான் வந்தது.

போயர் போரில் பிரிட்டிஷ் படை தலைநகர் பிரிட்டோரியாவைப் பிடித்ததும் வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டுக் குதிரை ஏறுங்கள். 1901இல் சில நூறு பேருடன் ஆரஞ்சு ஆற்றைத் தாண்டி, எதிரி ஆளும் கேப் காலனிக்குள்ளேயே புகுந்துவிட வேண்டும். சேணப்பையில் காண்ட் எழுதிய தத்துவ நூல் அவசியம். பசிக்கிறதென்று கண்ட காட்டுக்காயையும் தின்னாதீர்கள். அவர் தின்று பிழைத்ததே பெரிய காரியம்.

இனி அரசியல். இங்கே கற்க வேண்டியது ஒரே வித்தைதான்: முடியாது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், அப்புறம் பார்க்கலாம் என்று எழுதிக்கொடுங்கள். போரில் தோற்று 1902இல் வெரினிகிங் உடன்படிக்கைக்கு உட்காரும்போது, கறுப்பின மக்களின் வாக்குரிமைப் பேச்சு வரும். சுயாட்சி வந்த பிறகு வாக்குரிமை உண்டு என்று தொனிக்கும் வாசகத்தைத் தொட்டும் தொடாமலும் திருத்துங்கள்: கொடுப்பதா வேண்டாமா என்பதையே சுயாட்சிக்குப் பிறகு முடிவுசெய்யலாம் என்று. தோற்றவர் எழுதினார், ஜெயித்தவர் கையெழுத்திட்டார். ஒரு வக்கீலுக்கு இதைவிடப் பெரிய வெற்றி ஏது?

சுயாட்சி வந்து அதிகாரம் உங்கள் கைக்கு வந்தபின், 1908இல் இன்னொரு வக்கீல் உங்கள் சிறையில் இருப்பார். காந்தியை பிரிட்டோரியாவுக்கு வரவழைத்துப் பேசுங்கள். இந்தியர்கள் தாமாகவே பதிவு செய்துகொள்ளட்டும் என்று கேளுங்கள். செய்வார்கள். இந்தியர்களைக் கட்டாயமாகப் பதிவுசெய்ய வைக்கும் கறுப்புச் சட்டத்தை நீக்குவதாகச் சொன்னீர்களே என்று பிறகு அவர் வந்து நின்றால், நான் எங்கே சொன்னேன் என்றுவிடுங்கள். ஜொகனஸ்பர்க் மசூதி வாசலில் அண்டாவில் போட்டுச் சான்றிதழ்களைக் கொளுத்துவார்கள், கொளுத்தட்டும்.

ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த இந்தியர்கள்மேல் விதித்த மூன்று பவுன் தலைவரியையும் இப்படியே தள்ளிப்போடலாம். ஆனால் தமிழ்ப் பெண்களே சிறைக்கு வரத் தொடங்கினால் கஷ்டம். அப்படி வந்த வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தாள். வயது 16. இந்த இடத்துக்கு நம் வழிகாட்டியில் யோசனை எதுவும் கிடையாது. அந்த ஆண்டே வரி போனது. காந்தி தாம் சிறையில் தைத்த செருப்பைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் போட்டுக்கொண்டார்.

அடுத்து, பழைய எதிரியின் படைக்கே தளபதி ஆகுங்கள்: 1916இல் கிழக்கு ஆப்பிரிக்கா, 1917இல் லண்டன் போர் அமைச்சரவை, 1941இல் பீல்டு மார்ஷல். பிரிட்டனுக்குத் தனி விமானப்படை வேண்டும் என்று அறிக்கை எழுதிக்கொடுத்த கையாலேயே, பிரதமரான பின் 1922இல் சொந்த நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிளர்ச்சியின் மேல் விமானத்திலிருந்து குண்டும் போடலாம். இது மட்டும் தள்ளிப்போடத் தக்கதல்ல போலும்.

1945இல் ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு அடிப்படை மனித உரிமைகள் பற்றி உருக்கமாக எழுதுங்கள். மறு ஆண்டே ஐ.நா. சபையில் இந்தியப் பிரதிநிதி விஜயலட்சுமி பண்டிட் எழுந்து, உங்கள் நாட்டு இந்தியர்களின் நிலையைக் கேட்பார். அதற்கும் அப்புறம் பார்க்கலாம் என்று பதில் சொல்ல ஆசை வரும். வாக்கெடுப்பில் தோற்பீர்கள்.

கடைசி எச்சரிக்கை ஒன்று. நீங்கள் அரை நூற்றாண்டாக ஒத்திவைத்த கேள்விக்கு, இப்போதே பதில் வைத்திருக்கிறோம் என்று எதிர்க்கட்சித் தலைவர் மலானின் கட்சி 1948 தேர்தலுக்கு வரும். அவர்கள் பதிலின் பெயர் அபார்த்தைட், அதாவது இன ஒதுக்கல். அந்தத் தேர்தலில் பத்திரமான தொகுதியாகப் பார்த்து நில்லுங்கள். ஸ்டாண்டர்டனில் நின்ற ஸ்மட்ஸ் தம் சொந்த இடத்தையும் பறிகொடுத்தார்.