ஹெட்போன் இரைச்சலியல்: சில அடிப்படைக் கோட்பாடுகள்

கணினியில் சொருகிய ஹெட்போனில், பாட்டு எதுவும் ஓடாதபோதும் கேட்கும் ஓசையையே இக்கட்டுரை இரைச்சல் என்று கொள்கிறது. பாட்டு ஓடும்போது எழும் இரைச்சல், பாட்டைத் தேர்ந்தெடுத்தவரின் பொறுப்பாகையால், ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. இதன் தோற்றம் குறித்து வீடுகளில் நிலவும் கொள்கைகளுள் தலையாயது, ஹெட்போன் கெட்டுவிட்டது என்பதாகும். அக்கொள்கையினர் புதிய ஹெட்போன் வாங்கி, அதே இரைச்சலை முன்னிலும் துலக்கமாகக் கேட்டு, கடைக்காரரை நொந்துகொள்வர். தன்னிடம் வந்துசேரும் மின்னழுத்த மாற்றத்தைக் காற்றதிர்வாக மாற்றுவது ஒன்றே ஹெட்போனின் தொழில். நுண்ணுணர்வு மிக்கது அம்மாற்றத்தில் அணுவளவையும் மறைக்காது. ஆகவே அதை மாற்றுவது, சாட்சியைத் தண்டித்துக் குற்றவாளியை விடுவிக்கும் செயலாகும்.

வகைப்படுத்தாத ஒன்றை ஒழிக்கப் புகுவது ஆய்வுலக மரபன்று. ‘ம்ம்’ என்று இடையறாது ஒலிப்பது முனகல். ‘ஸ்ஸ்’ என்பது சீறல். மவுஸ் அசையும்போது எழுவது கீச்சு. ஜாக்கைத் தொட்டால் மட்டும் எழுவது கரகரப்பு. அழைப்பு வருமுன் கேட்கும் ‘டிடிட் டிடிட்’டை ஐந்தாவதாகச் சேர்ப்பாரும் உளர். அஃது இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம். செல்பேசி நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அலை வீசுவதன் விளைவு. செல்பேசியை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினால் தீர்வது. ஆதலின் அதற்குத் தனி இலக்கணம் வேண்டுவதில்லை.

இவற்றுள் ஆய்வாளரின் அன்புக்கு மிக உரியது கீச்சு. கணினியின் மூளையாகிய புராசஸரும் ஒலியை உண்டாக்கும் சில்லும், தாம் வாங்கிய மின்சாரத்தை ‘கிரவுண்ட்’ எனப்படும் ஒரே பொதுப்பாதையில் திருப்பியனுப்புகின்றன. புராசஸர் வேலை மிகுந்து மின்சாரத்தை இழுக்கும்போதெல்லாம் அப்பாதையில் நுண்ணிய அழுத்த வேறுபாடு தோன்றி, ஒலியோடு ஒலியாகக் காதை அடைகிறது. யூ.எஸ்.பி. வழியில் செய்திப் பரிமாற்றம் ஒரு மில்லிநொடிக்கு ஒரு தவணையாக நிகழ்வதால், சில கணினிகளில் 1000 ஹெர்ட்ஸ் விசிலும் உடன் ஒலிக்கும். பக்கத்தை உருட்டினால் ஒரு சுருதியும் வீடியோவைத் திறந்தால் வேறொரு சுருதியும் கேட்பவர், உண்மையில் தம் கணினி உழைப்பதையே கேட்கிறார்.

இதற்குரிய மருந்து எளிது. மக்கள் வழக்கில் ‘சி.பி.யூ.’ எனப்படும் பெட்டியின் முன்புறத் துளைக்குச் செல்லும் மெல்லிய வயர், மதர்போர்டிலிருந்து கிராபிக்ஸ் கார்டின் பக்கமாகப் பெட்டிக்குள் நெடுந்தூரம் பயணம் செய்து, வழியில் உள்ள ஓசைகளையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது. பின்புறத் துளையோ மதர்போர்டிலேயே பொருந்தியிருக்கிறது. எனவே குனிந்து, ஒட்டடை விலக்கிப் பின்புறத்தில் சொருகுவது சாலச் சிறந்தது. குனிய இயலாதார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டை நாடலாம். ஆயினும் அதுவும் மின்சாரத்தைக் கணினியிடமே வாங்குவதால் கிரவுண்டின் குறைகள் சில உடன் வரக்கூடும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

முனகல் கணினியில் பிறப்பதன்று, சுவரிலிருந்து வருவது. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 முறை முழுச் சுழற்சி கொள்வதால் முனகல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலிக்கிறது. அமெரிக்காவில் 60 என்பதால், நம் முனகலை ஷட்ஜமாகக் கொண்டால் அவர்களுடையது சாதாரண காந்தாரத்தில் நிற்கும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் முனகல் நின்றுவிட்டால், காரணம் எர்த் என்று துணியலாம். சார்ஜரிலுள்ள இரைச்சல் வடிகட்டி, சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடுமாறே அமைக்கப்பட்டது. எர்த் இல்லாத வீட்டில் அக்கசிவு செல்லும் வழியறியாது கணினியின் உலோக உடலில் தங்கி, புறங்கையால் தடவினால் சுருசுருவென்று தன் இருப்பை அறிவிப்பதோடு, ஹெட்போன் வயரிலும் குடியேறுகிறது. மற்ற இரு பின்களுக்கு முன்னதாகத் தொட்டுப் பின்னதாக விலக வேண்டும் என்றே எர்த் பின்னை நீளமாக வகுத்தனர். நம் நாட்டிலோ அதன் துளை, பேனா முனையை நுழைத்து டூ-பின் ப்ளக்கிற்குக் கதவு திறக்கும் சாவித்துவாரமாகவே பெரிதும் பயன்படுகிறது.

இதற்கு நேர்மாறாக, எர்த் மிகுதியாலும் முனகல் வரும். கணினியை ஆம்ப்ளிஃபயருடன் இணைத்து இரண்டையும் வெவ்வேறு சுவர்களில் சொருகினால், இரு எர்த்துகளும் ஒலி வயரும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அவ்வளையத்தில் சுழலும் மின்சாரமே முனகலாகிறது. எர்த் பின்னை ஒடித்துவிட்டால் போதும் என்பாரும் உளர். முனகல் நிற்கத்தான் செய்யும். ஆனால் கசிவு பெரிதாகும் நாளில் மின்சாரம் ஹெட்போன் அணிந்தவர் வழியாகவே தரையைத் தேடும் என்பதால் அக்கொள்கை ஈண்டு மறுக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவதோ, உலோகத் தொடர்பின்றி இரு சுருள்களிடையே ஒலியை மட்டும் கடத்தும் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ வாங்குவதோ ஏற்புடையது.

கரகரப்பு பற்றிச் சொல்வதற்கு மிகுதியில்லை. ஜாக்கை உருட்டுதலும், ஊதுதலும், வேட்டி நுனியால் துடைத்தலும் வழிவழி வந்த சடங்குகள். அவற்றுள் ஊதுதல் ஈரத்தைச் சேர்ப்பதால் விலக்கத்தக்கது.

எஞ்சுவது சீறல். அதில் ஒரு பகுதி மைக் பூஸ்ட் என்னும் அமைப்பு 30 டெசிபெலில், அதாவது மின்னழுத்தத்தை ஏறத்தாழ 32 மடங்காக்கும் நிலையில், மறந்துவிடப்பட்டதாலும், மைக் கேட்பதைக் காதுக்கே திருப்பியனுப்பும் வசதி திறந்திருப்பதாலும் எழுவது. அங்ஙனமாயின் கேட்பது பெரும்பாலும் சீலிங் ஃபேன். இவற்றை நீக்கிய பின்னும் மெல்லிய சீறல் ஒன்று அடியில் கிடக்கும். கடத்திகளில் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாது அலைவதே அதற்கு வேர் என்பதை, ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஜான்சன் அளந்தும் நைக்விஸ்ட் கணக்கிட்டும் 1928இல் வெளியிட்டனர்.

வெப்பமே காரணமெனில் கத்திரி வெயிலில் சீறல் கூடுமன்றோ எனின், கூடும். ஆயினும் மார்கழியின் 22 பாகைக்கும் கத்திரியின் 42 பாகைக்கும் இடையே கூடுவது ஏறத்தாழ 0.3 டெசிபெல், செவி அதை உணராது. வெப்பத்தால் எழும் இரைச்சல் மின்னழுத்தத்தைப் பாதியாக்க, தனிவெப்பநிலையைக் காற்பங்காகக் குறைத்தல் வேண்டும். 30 பாகை வெப்பமுள்ள அறையில் அது கணினியைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்துவதற்கு ஒப்பாகும். அவ்வாறு அமிழ்த்திய கணினிக்கு நிறுவனத்தார் வாரண்டி தருவதில்லை.