பீச்சாங்கை கேப்டன்

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. பல்லாவரத்தில் ஒரு மாடி வீட்டின் பின்னறை. கதவு சாத்தியிருக்கிறது, மின்விசிறி நின்றிருக்கிறது. விசிறி ஓடினால் இன்ஜின் சத்தம் சரியாகக் கேட்காது என்பது கேப்டனின் கட்சி. காதில் ஹெட்போன், மூக்கில் படிக்கிற கண்ணாடி, இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி. எதிரே கணினித் திரையில் மீனம்பாக்கத்தின் 07 ஓடுபாதை. அதன் முனையில் கோயம்புத்தூருக்குக் கிளம்பத் தயாராக ஓர் ஏர்பஸ் ஏ320. பின்னால் 180 பயணிகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதாக ஐதீகம்.

ஜன்னலைத் திறந்தால் நிஜ மீனம்பாக்கத்திலிருந்து நிஜ விமானங்கள் எழும்புவதைப் பார்க்கலாம். கேப்டன் திறப்பதில்லை. கொசு வரும்.

வார நாட்களில் இவர் வங்கியில் கடன் பிரிவு மேலாளர். மாடி கட்டக் கடன் கேட்டு வருகிறவரிடம் "அவசியமா சார்?" என்று மூன்று தடவை கேட்கிற மனிதர். அதே மனிதர்தான் போன வருஷம் காலால் மிதிக்கிற இரண்டு பெடல்களை ஒரு மாதச் சம்பளத்தின் கணிசமான பகுதிக்கு வாங்கிவந்து, "நீண்டகால முதலீடு" என்று வீட்டில் அறிவித்தார். வட்டி எவ்வளவு என்று மனைவி கேட்ட கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். இந்த இனத்தின் மூத்தோர், 1982இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் ஃப்ளைட் சிமுலேட்டரிலிருந்து வம்சாவளி சொல்வார்கள். அதை எழுதியவர் ப்ரூஸ் ஆர்ட்விக். அதில் விமானம் நின்ற இடம் சிகாகோ ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற குட்டி விமான நிலையம். 2003 மார்ச்சில் அந்த ஊர் மேயர் இரவோடு இரவாக ஆள் விட்டு அதன் ஓடுபாதையைத் தோண்டிப் போட்டபோது, சிகாகோவை வரைபடத்தில்கூடத் தேடிப் பார்க்காத பலர் உலகெங்கும் துக்கம் காத்தார்கள். இளையோர் 2020 ஆகஸ்ட் 18க்குப் பிறகு பிறந்தவர்கள். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த நேரம் பார்த்துப் புதிய ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. உலகம் முழுவதும் செயற்கைக்கோள் படமாக உள்ளே இருந்தது. பால் வாங்க வெளியே போக முடியாத மனிதர்கள் தங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே செஸ்னாவில் வட்டமிட்டார்கள். கேப்டனும் அப்படி வட்டமிட்டவர்தான். தண்ணீர்த் தொட்டி மூடி திறந்து கிடக்கிறதா என்று தேடியவர்.

அந்த முதல் பயணம் விசைப்பலகையில் நடந்தது. விசைப்பலகையில் விமானம் ஓட்டுவது மாநகராட்சிக் குழாய் மாதிரி: வந்தால் முழுசாக வரும், நின்றால் முழுசாக நிற்கும். அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் விமானம் சாயும், இன்னொரு தட்டுக்குக் கவிழும். அன்றே கேப்டன் முடிவு செய்தார், ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிவிட வேண்டும் என்று. அந்த 'ஒரு' என்ற சொல்லை அவர் மனைவி இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்.

முதல் குச்சி எளிய குச்சி. முன்னும் பின்னும் சாய்த்தால் மூக்கு ஏறும் இறங்கும், பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை சாயும், பம்பரக் கயிறு முறுக்குவது போல் திருகினால் வால் சுக்கான் திரும்பும். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு நெம்புகோல், அதுதான் த்ராட்டில். ஓர் ஆண்டு சுகமாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் முப்பதாயிரம் அடியில், யாரும் தொடாமலே, விமானம் தானாகத் தலையாட்ட ஆரம்பித்தது.

இந்த இடத்தில்தான் சாதாரண மனிதர் கேப்டன் ஆகிறார். சாதாரண மனிதர் குச்சியைத் தட்டிப் பார்ப்பார். கேப்டன் திருப்புளி எடுத்தார். உள்ளே இருந்தது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு இருக்குமே, அதே சாதனம். ஒரு தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும், உரசி உரசித் தேயும். ரேடியோவில் தேய்ந்தால் கரகர என்று கேட்கும், விமானத்தில் தேய்ந்தால் தலையாட்டும். மாற்று என்ன? ஹால் சென்சார். காந்தம் ஒன்று நகர, அதன் புலத்தை எதையும் தொடாமல் அளக்கிற சில்லு. உரசலும் இல்லை, தேய்மானமும் இல்லை. 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் இந்த விளைவைக் கண்டுபிடித்ததே தன் பின்னறைக்காகத்தான் என்பது போல் கேப்டன் பேசுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் நட்சத்திரம் கேட்பது போல, எந்தக் குச்சியைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "ஹால் சென்சாரா?"

அப்படி வந்து சேர்ந்ததுதான் த்ரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம். பெயரிலேயே கணக்கு இருக்கிறது: சாய்க்கிற ஒவ்வோர் அச்சிலும் பதினாறாயிரம் நிலைகள். குச்சி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கணினிக்குத் தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜ் கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாத கைக்கு எதற்குப் பதினாறாயிரம் நிலை என்று மனைவி கேட்டார். கேப்டன் புண்பட்டார், ஆனால் மெதுவாகச் சாத்தப் பழகினார்.

குச்சி கிடைத்தால் மதம் கிடைக்க வேண்டும். இந்த உலகில் ஏர்பஸ், போயிங் என்று வடகலை தென்கலைக்குக் குறையாத வழக்கு ஒன்று உண்டு. போயிங்காரருக்கு யோக், அதாவது லாரி ஸ்டியரிங்கைப் பாதியாக வெட்டியது போல் மார்புக்கு நேரே நிற்கும் கைப்பிடி. ஏர்பஸ்காரருக்குப் பக்கவாட்டில் ஒரு சிறு குச்சி. ஏ320 முதலில் பறந்தது 1987இல். பயணிகள் விமானத்தில் இந்தப் பக்கக் குச்சியையும் கணினி வழிக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கொண்டுவந்த முன்னோடி அதுதான். கேப்டன் ஏர்பஸ் பக்கம் சேர்ந்ததற்குக் காரணம் பக்தி இல்லை, கடன் பிரிவு மூளை. நிஜ ஏ320 குச்சியும் ஸ்பிரிங்கில் நிற்பதுதான். வெளியே காற்று இறக்கையை என்ன பாடு படுத்துகிறது என்பது அந்தக் குச்சியில் கைக்குத் தெரியாது. வீட்டுக் குச்சியிலும் தெரியாது. ஆக, கால் விலையில் முழு நேர்மை. போயிங்கில் தானியங்கி முறையில் வேகம் கூடக் குறைய த்ராட்டில் நெம்புகோலும் மோட்டாரால் தானே நகரும். ஏர்பஸ்ஸில் நகராது, வைத்த இடத்தில் இருக்கும். வீட்டு நெம்புகோலும் வைத்த இடத்தில்தான் இருக்கும். "பாத்தியா, மோட்டார் காசு மிச்சம்" என்பார் கேப்டன், மிச்சம் பிடித்த காசில் இன்னொரு சாமான் வாங்கியபடி.

மூன்றாவதாக ஒரு பிரிவு உண்டு, போர் விமானக்காரர்கள். இவர்களுடைய மந்திரம் ஹோட்டாஸ். கையைக் குச்சியிலிருந்தும் த்ராட்டிலிலிருந்தும் எடுக்காமலே ரேடார் முதல் ஏவுகணை வரை எல்லாவற்றையும் விரல் நுனியில் இயக்குகிற ஏற்பாடு. அவர்களுடைய பூஜையறையில் த்ரஸ்ட்மாஸ்டர் வார்தாக் இருக்கும். ஏ-10 போர் விமானத்தின் கைப்பிடியையும் த்ராட்டிலையும் அப்படியே அச்செடுத்து 2010இல் வந்த உலோகச் சாமான், ஜோடியாக எடை ஆறரை கிலோ. நியூ ஜெர்சியிலிருந்து வரவிருந்த சித்தியிடம் கேப்டன் ஒரு தடவை இதைத்தான் கேட்டார். 23 கிலோ பெட்டியில் ஆறரை கிலோவா என்று சித்தி தயங்கினார். பாதாமும் சாக்லேட்டும் இந்தியாவிலேயே கிடைக்கும் என்று கேப்டன் எடுத்துச் சொன்னார். சித்தி பாதாமோடு வந்து இறங்கினார்.

நல்லதுதான். குச்சி வந்திருந்தால் பெரிய சிக்கல் வெளிப்பட்டிருக்கும். வார்தாக் வலது கைக்காக வார்த்த கைப்பிடி. போர் விமானியின் வலது கையில் குச்சி, இடது கையில் த்ராட்டில். பயணிகள் விமானத்தில் கேப்டன் உட்கார்வது இடது இருக்கையில். ஏ320இல் அவருடைய குச்சி இடப்பக்கம், த்ராட்டில் நடுவில். அதாவது குச்சி இடது கைக்கு.

அங்கிருந்து தொடங்கியது குடும்பத்தில் குழப்பம். டி.16000எம்மின் பக்கத் துண்டுகளைக் கழற்றி மாற்றினால் இரண்டு கைக்கும் பொருந்தும். அதே கம்பெனியின் ஏர்பஸ் குச்சியும் அப்படித்தான். குச்சி மாறிவிட்டது, கைதான் மாறவில்லை. இடது கையைப் பழக்கக் கேப்டன் பல் தேய்த்துப் பார்த்தார், சட்டைப் பொத்தான் போட்டார், வங்கியில் ஒரு நாள் கையெழுத்தே போட்டுப் பார்த்து அதைத் தானே நிராகரித்தார். அறைக்குள் காபி கொண்டுவந்த அம்மா அப்போதுதான் கவனித்தார்.

"ஏன்டா, நூத்தி எண்பது பேரை பீச்சாங்கையாலயா கூட்டிட்டுப் போற?"

ஏர்பஸ்ஸின் வடிவமைப்புத் தத்துவத்தை அம்மாவுக்கு விளக்க முடியவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அதில் இருப்பார்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இருப்பார்கள் என்பது அம்மாவின் வாதம். மனைவி நடுநிலையாக ஒரு யோசனை சொன்னார்: "அப்ப நீங்க கோ-பைலட் சீட்ல உக்காந்துக்கோங்க. அங்க வலது கைதானே?"

தொழில்நுட்ப ரீதியாக இதில் ஒரு பிழையும் இல்லை. கோ-பைலட்டுக்கு வலது கையில் குச்சி, இடது கையில் த்ராட்டில். செலவில்லாத, சுகமான தீர்வு. அறையில் நீண்ட மௌனம். "இவ்வளவு செலவு பண்ணி மூணு பட்டையா?" என்றார் கேப்டன். தோளில் நான்கு பட்டை கேப்டனுக்கு, மூன்று பட்டை அடுத்தவருக்கு. லுங்கிக்கு மேலே போட்டிருந்த பனியனில் பட்டை எதுவும் இல்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

பெடல் வந்த கதை வேறு. குச்சியைத் திருகிச் சுக்கான் போடும்போது, பக்கவாட்டில் சாய்க்கிற மணிக்கட்டு தன்னை அறியாமல் கொஞ்சம் திருகவும் செய்யும். பக்கக் காற்று அடிக்கிற நாளில் ஓடுபாதை ஒரு பக்கம், விமானம் ஒரு பக்கம். சுக்கானைக் காலுக்கு மாற்றினால் கை பிழைக்கும். மாற்றினார். முதல் நாள் பலமாக வலது பெடலை மிதித்தார். விமானம் திரும்பவில்லை. சக்கரம் வைத்த நாற்காலி கேப்டனோடு சேர்ந்து பின்னால் போய் பீரோவில் முட்டியது. நியூட்டனின் மூன்றாம் விதிக்குச் சக்கர நாற்காலி பிடிக்கும். அன்றிலிருந்து பெடலுக்குப் பின்னால் இரண்டு செங்கல், நாற்காலிச் சக்கரங்களுக்குப் பழைய செருப்பு.

மேசைக்கு ஆசாரி வந்தார். குச்சிக்கு இடப்பக்கம் ஒரு பலகை, த்ராட்டிலுக்கு வலப்பக்கம் ஒரு பலகை, இரண்டும் மேசை மட்டத்துக்கு நாலு விரல் கீழே. முழங்கை தொங்கக் கூடாது, தோள் தூக்கக் கூடாது. ஆசாரி அளவெடுத்துவிட்டு, "சார், இது ஆர்மோனியப் பொட்டிக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கூலி குறைந்திருக்கும். கேப்டன் உண்மையைச் சொன்னார்.

இப்போது சனிக்கிழமைக்குத் திரும்புவோம். த்ராட்டில் நெம்புகோல்களில் நின்று நின்று போகிற பள்ளங்கள் உண்டு: ஐடில், கிளைம்ப், ஃப்ளெக்ஸ், கடைசியில் டோகா. ஒவ்வொன்றிலும் 'கடக்' என்று விழ வேண்டும். அந்தக் 'கடக்'குக்காகத்தான் முந்தைய த்ராட்டிலைத் தூக்கிப்போட்டார். ஃப்ளெக்ஸில் 'கடக்'. இன்ஜின் இரைகிறது. அலமாரியில் டம்ளர்கள் மெல்ல அதிர்கின்றன. பீச்சாங்கை குச்சியை மெதுவாகப் பின்னால் இழுக்கிறது. 180 பேரும் எழும்பிவிட்டார்கள்.

எழும்பி நூறு அடி தாண்டியதும் ஏ320இல் ஆட்டோபைலட்டைப் போடலாம். கேப்டன் கொஞ்சம் பொறுத்துத்தான் போடுகிறார், பெருந்தன்மையாக. கிளைம்பில் ஒரு 'கடக்', அவ்வளவுதான். இனி கோயம்புத்தூர் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்வரை குச்சிக்கு வேலை இல்லை. ஹால் சென்சார் சும்மா இருக்கிறது. பதினாறாயிரம் நிலைகளில் நடு நிலையில் குச்சி அசையாமல் நிற்கிறது. கீழே ஜோலார்பேட்டையோ சேலமோ இருட்டில் மினுக்குகிறது. கேப்டன் செல்போனை எடுத்து வேறு குச்சி பார்க்கிறார். லித்துவேனியாவில் ஒரு கம்பெனி செய்கிறது, அடிப்பாகம் உலோகம், ஸ்பிரிங்கைக்கூட மாற்றிக்கொள்ளலாம். இடது கைக்கும் வருகிறது. சித்தி மறுபடி எப்போது வருகிறார் என்று விசாரிக்க வேண்டும்.

ஓடுபாதை விளக்குகள் தெரிகின்றன. ஆட்டோபைலட் அணைகிறது, செல்போன் மடியில் விழுகிறது. ஐம்பது, நாற்பது, முப்பது என்று விமானமே ஆங்கிலத்தில் உயரம் எண்ணுகிறது. இருபது அடியில், த்ராட்டிலைப் பின்னால் இழு என்பதற்காக, "ரிடார்ட்" என்று குரல் கொடுக்கிறது. அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் பள்ளியில் கேட்டிருந்த மகள் வாசலில் நின்று சிரிக்கிறாள். கேப்டன் பதற்றத்தில் இழுத்த இழுப்பில் த்ராட்டில் பலகையோடு கையில் வருகிறது. கால் தன்னிச்சையாகப் பெடலை மிதிக்கிறது. செங்கல் தாங்குகிறது, செருப்பு தாங்கவில்லை. நாற்காலி பீரோவை நோக்கிப் புறப்படுகிறது. திரையில் ஏ320 தடதடவென்று இரண்டு தடவை குதித்து, ஓடுபாதைக்குள்ளேயே எப்படியோ நிற்கிறது.

பீரோச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது.

"கோயமுத்தூர் வந்தாச்சாடா? தோசை ஆறுது. கையைக் கழுவிட்டு வா. ரெண்டு கையையும்."