ஆளுக்கு ஒரு விலை

என் வீட்டின் விலை எனக்கு எப்போதும் தெரியும். கேட்பது யார் என்று மட்டும் தெரிந்தால் போதும். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் கேட்டால் ஒன்றரைக் கோடி. தங்கை கேட்டால், "அந்தப் பக்கம் எவன்மா வாங்குறான், சாக்கடை வேற ஓடுது" என்று எழுபது லட்சத்துக்கு இறங்கிவிடும். பதிவுத்துறை கேட்டால் வழிகாட்டி மதிப்பு, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. இதில் எனக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

மகளின் மேல்படிப்புக்காக 2024-ல் வீட்டின் பேரில் கடன் கேட்டபோதுதான், விலை சொல்ல என்னை யாரும் கூப்பிடவே போவதில்லை என்று தெரிந்தது. வங்கி தன் பேனலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பும். அவருடைய கட்டணம் என் தலையில். அறிக்கை மட்டும் நேராக வங்கிக்குப் போய்விடும்.

பணம் கொடுப்பது நான்தானே, அப்படியானால் வருபவர் நம்ம ஆள் என்று கணக்குப் போட்டேன். ஹாலுக்கு பெயின்ட், தேக்குக் கதவுக்கு பாலிஷ், வருபவருக்கு போளி, ஃபில்டர் காபி. தெருமுனை இஸ்திரிக்காரரிடம், "யாராவது கேட்டா சதுர அடி பத்தாயிரம்னு சொல்லுப்பா" என்றும் சொல்லி வைத்தேன்.

பைக்கில் வந்து இறங்கியவர் ஓர் இளம் சிவில் இன்ஜினீயர். உட்காரவே இல்லை. கையில் பத்திர நகல். "முதல்ல நாலு எல்லையைப் பாத்துடலாம் சார். வடக்கு எது?"

வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேயே குடியிருப்பவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான். நான் ஒரு வேகத்தில் சமையலறையைக் காட்டினேன். அவர் போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாக எதிர்ப்பக்கம் நடந்தார். "வாஸ்துக்காரனுக்கு அவ்வளவு பணம் அழுதீங்களே, அவன் சொல்லலையா?" என்றாள் மனைவி, அவர் காதில் விழும்படியே.

பத்திரத்தின் செக்குபந்தியில் வடக்கே 'காலி மனை' என்று இருந்தது. நேரில் அங்கே மூன்று மாடிக் குடியிருப்பு நிற்கிறது. இரண்டையும் குறித்துக்கொண்டார். வங்கிக்கு விலையைவிட முந்தைய கேள்வி அதுதானாம்: பத்திரத்தில் இருக்கும் சொத்தும் நேரில் காட்டப்படும் சொத்தும் ஒன்றுதானா? அடுத்தவர் வீட்டைத் தன் வீடென்று காட்டிக் கடன் வாங்கியவர்கள் உண்டு என்றார். நான் காட்டிய வடக்கை வைத்து என்னையும் அந்த ரகத்தில் சேர்த்திருந்தால் நியாயம்தான்.

பிறகு தெருவை அளந்தார். பத்திரத்தில் இருபது அடிச் சாலை. டேப் பதினாலு அடியோடு நின்றது. கார் ஏற்றுவதற்காக நான் போட்ட சிமென்ட் சாய்வுதான் மூன்று அடியைத் தின்றிருக்கிறது.

"எதிர்வீட்டுக்காரரும்தான் போட்டிருக்கார்" என்றேன்.

"ஆமா சார், அதையும் சேர்த்துத்தான் பதினாலு."

மாடிக்கு ஏறினோம். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை, என்னுடைய மூளையில் உதித்தது. மாத வாடகை வருகிறது, தனி பாத்ரூம், மின்விசிறி என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் அங்கீகாரம் பெற்ற பிளானைப் புரட்டினார். "பிளான்ல இல்லையே சார்." அனுமதியற்ற கட்டுமானம், மதிப்பில் சேர்க்கவில்லை என்று எழுதினார். பூஜ்யமாவது போட்டிருக்கலாம். 'சேர்க்கவில்லை' என்பது இன்னும் வலித்தது.

கீழே வந்ததும் மாடுலர் கிச்சனைக் காட்டினேன். அவர் கணக்கு வேறு திசையில் போயிற்று. நிலத்துக்குத் தனி விலை, கட்டடத்துக்குத் தனி விலை. நிலத்துக்கு வயதாவதில்லை. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் அறுபது வருடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் இடித்த சாமானுக்குப் பத்து சதவீதம் தேறும். மீதித் தொண்ணூறையும் அறுபது வருடத்துக்குப் பிரித்துக் கழிக்க வேண்டும். 2000-ல் கட்டிய என் வீட்டுக்கு 24 வருடத் தேய்மானம் 36 சதவீதம். இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் சதுர அடி 2,000 ரூபாய் வீதம் 900 சதுர அடிக்கு 18 லட்சம். தேய்மானம் போக 11.52 லட்சம். நானோ, கட்டிய செலவு, அதற்கு வட்டி, கிச்சன், ஃபால்ஸ் சீலிங், நேற்று அடித்த பெயின்ட் என எல்லாவற்றையும் கூட்டி வைத்திருந்தேன். என் கணக்கில் அந்தக் கட்டடம் வருடா வருடம் இளமையாகிக்கொண்டே வந்திருக்கிறது.

"நிலம் சதுர அடி ஒன்பதாயிரம் போகுது" என்றேன், இருந்த மானத்தைத் திரட்டி.

"அந்த விலைக்கு ஒரு பத்திரம் காட்டுங்க சார், போட்டுடறேன்." சுற்றுவட்டாரத்தில் அண்மையில் கைமாறிய மனைகளோடு ஒப்பிட்டுத்தான் அவர்கள் விலை போடுகிறார்கள். பேச்சில் அடிபடும் விலைக்கு அங்கே மரியாதை குறைவு. "இஸ்திரி கடைக்காரர்கூட பத்தாயிரம்னார். எந்த மனை, எப்ப வித்துதுன்னு கேட்டேன், உங்களைக் கேக்கச் சொன்னார்" என்றவர், போனைத் தள்ளிப் பார்த்தார். "உங்க தெருவுல 2021-ல ஒரு அரை கிரவுண்டு பதிவாகியிருக்கு. வித்தவர் பேரும் உங்க பேரும் ஒண்ணா இருக்கு சார்."

ஒன்றாகத்தான் இருக்கும். முழு கிரவுண்டாக இருந்த மனையின் பின்பாதியை, பின்வீட்டுக்காரருக்கு நான்தான் விற்றேன். தமிழக அரசு 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக்கியிருந்தது. முத்திரைத் தீர்வையோடு சேர்த்து அப்போது 11 சதவீதம். வாங்கியவர் கெஞ்சினார்: "வழிகாட்டி மதிப்புலயே எழுதிக்கலாம் சார்." மூலதன ஆதாய வரி எனக்கும் குறையுமே என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். கொடுத்து வாங்கிய விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் பத்திரம் ஏறியது. என் வீட்டுக்கு எதிரான முதல் தர சாட்சியத்தில் என் கையெழுத்தே இருந்தது. நல்லவேளையாக இன்ஜினீயர் அதை மட்டும் நம்பாமல், மற்ற விற்பனைகளையும் விசாரித்து 6,500 போட்டார்.

அவர் போனபின் போளி முழுவதையும் நானே தின்றபடி, அவருடைய தகுதியில் ஓட்டை தேடினேன். பேட்ஜில் செல்வ வரிச் சட்டப்படி பதிவு என்று இருந்தது. 1957-ஆம் வருடச் சட்டம். அந்த வரியையே 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். மாட்டினார் என்று குதித்தேன். வரிதான் போயிருக்கிறது, மதிப்பீட்டாளர் பதிவு போகவில்லை. 2001 ஏப்ரல் 1 அன்று பழைய சொத்தின் நியாய விலை என்ன என்று சான்று தர வருமான வரிக்கு அவர்கள் வேண்டியிருந்தார்கள். போதாததற்கு, கம்பெனிச் சட்டத்தின்கீழ் 2017-ல் வந்த விதிகளின்படி தேர்வெழுதி இன்னொரு பதிவும் அவர் வைத்திருந்தார். போளி தீர்ந்துவிட்டது.

அறிக்கையின் எண்களை வங்கி மேலாளர் காட்டினார். பார்த்ததும் எனக்குச் சின்ன சந்தோஷம்: இன்ஜினீயரும் மூன்று விலை எழுதியிருந்தார்! சந்தை மதிப்பு 89.52 லட்சம். கைக்குக் கிடைக்கக்கூடிய மதிப்பு அதில் தொண்ணூறு சதவீதம். அவசரத்துக்கு விற்றால் கிடைப்பது எண்பது சதவீதம், அதாவது எழுபத்தொன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்.

"நீங்க ஒழுங்கா தவணை கட்டினா முதல் விலையைப் பத்திக் கவலையே இல்ல சார்" என்றார் மேலாளர். "கட்டலைன்னா எங்களுக்கு மூணாவது."

மூன்றாவதைத் திரும்பப் பார்த்தேன். ஏறக்குறைய தங்கையிடம் சொன்ன விலை. ஆக, எங்கள் குடும்பத்தில் ஒருத்தியிடமாவது நான் நேர்மையாக நடந்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். சிரிப்பு வரவில்லை.

கடன் கேட்டதைவிடக் குறைவாக வந்தது. மீதிக்கு நகை போயிற்று. மகளும் படிக்கப் போனாள்.

போன வாரம் சொத்து வரிக்கான சுய மதிப்பீட்டுப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். கட்டடப் பரப்பு என்ற கட்டத்தில் 900 என்று எழுதியதை மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, மாடி ரூமை எழுதலையா?"

"எந்த ரூம்?" என்றேன்.