பன் பரோட்டா ஒரு புல்

உருவத்தைப் பார்த்து வகை பிரிப்பது மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. சமணர்கள் ஏவிய யானையும் நாகமும் மாயப்பசுவும் சொக்கநாதரின் அருளால் வீழ்ந்து மலைகளாகிவிட்டன என்று திருவிளையாடற் புராணம் கதை சொல்கிறது. யானைமலை, நாகமலை, பசுமலை என ஊர் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டது. மண்ணியலார் இதை ஏற்கமாட்டார்கள். பாறைக்குள் என்ன இருக்கிறது என்பதே அவர்கள் கவலை. அந்த அளவுகோலைப் பரோட்டாவுக்கு வைத்தால் மைதா, உப்பு, எண்ணெய், தண்ணீர் என்று எல்லாம் ஒன்றாகிவிடும். பசுமலையில் ராத்திரி எட்டு மணிக்குக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் இதை ஒப்புக்கொள்வாரா?

ஆகவே தொல்காப்பியரிடம் போவோம். வெளியே வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம் என்று மரபியலில் அவர் பிரிக்கிறார். இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல். மதுரை பன் பரோட்டாவோ வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. எனவே அதுவும் புல். சிரிக்க வேண்டாம்: மைதா கோதுமையிலிருந்து வருவது; கோதுமையைத் தாவரவியலாரும் புல் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எண்ணெயில் பொரித்தெடுக்கும் விருதுநகர் பரோட்டாதான் சிக்கல். உள்ளும் புறமும் ஒரே முறுகல். புல்லா மரமா என்பதை உரையாசிரியர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

லின்னேயஸ் 1735இல் மகரந்தத் தாள்களை எண்ணித் தாவரங்களை 24 வகுப்புகளாக்கினார். நாமும் அடுக்குகளை எண்ணலாம். வீச்சு பரோட்டாவில் அது எளிது. நாலாக மடித்ததை விரித்தால் போதும். சாதா பரோட்டாவைப் பிய்த்துத்தான் எண்ண வேண்டும். பிய்த்த பிறகும் எண்ணிக்கொண்டிருக்கும் பொறுமை எந்த ஆய்வாளருக்கும் இருந்ததில்லை.

கொத்து பரோட்டாவுக்கு மொழியியலே துணை. தமிழ் ஒட்டுநிலை மொழி. 'வீடுகளிலிருந்து' என்பதைப் பிரித்தால் துண்டு துண்டாக வந்துவிடும். லத்தீனில் அப்படியில்லை. வேற்றுமையும் எண்ணும் ஒரே விகுதிக்குள் கரைந்து கிடக்கும். கொத்தில் முட்டையும் வெங்காயமும் பரோட்டாவும் கிடப்பது இந்த லத்தீன் முறையில்தான். கரண்டிச் சத்தம் மட்டும் சுத்தத் தமிழ்.

சால்னாவுக்கு உருவமே கிடையாது. எனவே அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. வாளியோடு சுற்றும் தம்பிக்கு இது தெரியாது. மாதிரிகளை எண்ணி முடிக்கும்வரை ஊற்ற வேண்டாம் என்று அடுத்து வரும் ஆய்வாளர்கள் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.