குடும்ப உலாவில் கால வழுவமைதி: ‘கிளம்பிட்டோம்’ என்ற சொல்லை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வெளியே போய்வருவது பற்றித் தமிழில் பயணக் குறிப்புகள் உண்டு, கோடை விடுமுறைச் சிறப்பிதழ்கள் உண்டு. இலக்கணம் மட்டும் இல்லை. இக்குறையை நீக்க வந்ததே இக்கட்டுரை. ‘கிளம்பிட்டோம்’ என்ற சொல் கிளம்பாதவர் வாயில் மட்டுமே வழங்கிவருவது ஏன் என்பது இதன் ஆய்வுச் சிக்கல். உண்மையிலேயே கிளம்பியவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் ‘கிண்டி தாண்டிட்டோம்’ என்கிறார்கள். அதையும் சைதாப்பேட்டையில் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

2. ஆய்வு எல்லையும் முறையும்

இடம், அயனாவரத்தில் ஒரு வாடகை வீடு. காலம், காலாண்டு விடுமுறையில் ஒரு நாள். நிகழ்ச்சி, ஆய்வாளரின் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். தகவலாளிகள்: மனைவி, அப்பா, மாமியார், தங்கை, தங்கை வீட்டுக்காரர், எங்கள் வீடு, தங்கை வீடு, எதிர்வீடு என மூன்று வீட்டிலும் திரட்டிய பிள்ளைகள் ஆறு பேர். விலகி நின்று உற்றுநோக்குவது என்றுதான் ஆய்வு முறையை முதலில் வகுத்திருந்தேன். ‘சும்மா பாத்துக்கிட்டு நிக்காம அந்தப் பையத் தூக்குங்க’ என்று மனைவி சொன்னபின் அது பங்கேற்பு உற்றுநோக்கல் ஆயிற்று.

3. முன்னோர் கூறியவை

உலா நம்மிடம் ஒரு சிற்றிலக்கிய வகையாகவே இருக்கிறது. ஆனால் ஒட்டக்கூத்தரின் மூவருலாவால் நமக்குப் பயனில்லை. சோழன் நீராடுகிறான், அணி பூணுகிறான், யானை மேல் ஏறி வீதிக்கு வந்துவிடுகிறான். ‘கேஸை மூடினியா?’ என்று அவனை யாரும் கேட்பதில்லை.

ஆற்றுப்படை இன்னும் நெருங்கி வருகிறது. பத்துப்பாட்டில் சரிபாதி அதுதான். எந்த வழியாகப் போவது, வழியில் என்ன சாப்பிடக் கிடைக்கும், போய்ச் சேர்ந்தால் என்ன பரிசில் கிடைக்கும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று மட்டும் ஐந்தில் ஒன்றும் சொல்லவில்லை. இவ்விடுபாட்டின் விளைவு எட்டாம் பகுதியில் காண்க.

நமக்குக் கைகொடுப்பவர் பவணந்தி முனிவர். ஒரு காலத்தில் நடப்பதை வேறொரு காலத்தால் சொல்வது வழு. ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் சொன்னால் மன்னிக்கலாம் என்கிறது நன்னூல். விரைவுக்குத் தொல்காப்பியரே வினையியலில் இடம் விட்டிருக்கிறார். இந்த நான்கும் ஒரே வேனில் ஏறி உட்கார்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

4. தீம் என்னும் சொல்லாராய்ச்சி

பிறந்தநாளுக்குத் தீம் வைப்பது மேல்நாட்டு வழக்கம் என்பர் சிலர். மறுக்கிறேன். காதுகுத்தைப்போல் முழுமையான தீம் பார்ட்டி வேறில்லை. மேடை, தாய்மாமன் மடி. ஒப்பனை, மொட்டைத் தலையும் அதன்மேல் சந்தனமும். இசை, குழந்தையின் அலறலை அமுக்கும் அளவுக்கு மேளம். விருந்து, குலதெய்வத்துக்கு வெட்டிய கிடா. ரிட்டர்ன் கிஃப்ட், தாம்பூலப் பைக்குள் ஒரு தேங்காய். விழா நாயகரின் கருத்தைக் கேட்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

சொல்லும் நம்முடையதுதான். ‘தீம்’ என்றால் இனிமை, தீம்பால் என்கிறோம். ஆனால் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ சேர்ந்தால் அது ‘தீமை’ ஆகிவிடும். கேட்கும்போது இனித்து, செலவுக் கணக்கில் செயப்படுபொருளாகும்போது கசக்கும் சொல் இது ஒன்றுதான் என்று எண்ணுகிறேன்.

எங்கள் வீட்டுத் தீம் வரலாறு மூன்று காலகட்டங்களை உடையது: டோரா, சோட்டா பீம், எல்சா. எல்சா காலத்தில் அயனாவரத்துச் செப்டம்பர் புழுக்கத்தில் ஹால் முழுக்கப் பனி பெய்ய வேண்டியிருந்தது. தெர்மாகோலைத் துருவிக் கொட்டினோம். பீரோவுக்கு அடியில் இன்றும் பனி உருகவில்லை.

இந்த ஆண்டுத் தீம் காடு. சுவரில் காகிதப் புலியை ஒட்டுவானேன், 602 ஹெக்டேர் பரப்பில் நிஜக் காடும் நிஜப் புலியும் வண்டலூரில் இருக்கும்போது என்று கேட்டவன் நான். இந்த வாக்குமூலத்தை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். முதற்பொருள்: இடம், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, பொழுது, செவ்வாய்க்கிழமை. கருப்பொருள்: ஒரு கேக், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, ஆறு சிங்க முகமூடிகள். கடையில் யானையும் குரங்கும் தீர்ந்துவிட்டன, சிங்கம்தான் மிச்சம். உரிப்பொருள்: ஊடல்.

5. விரைவு

காலை 7.00 மணிக்குத் தங்கை போன் செய்தாள். ‘கிளம்பிட்டோம்’ என்றாள் மனைவி. அந்த நிமிடத்தில் அவள் தலையில் ஈரத் துண்டு இருந்தது. அப்பா பல்செட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கைலியில் இருந்தேன். பிறந்தநாள்காரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமியார் அடுப்படியில் புளிக்காய்ச்சலுக்கு முன்னால் நின்றிருந்தார். நல்லெண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். ‘அவசரப்பட்டா மத்தியானமே ஊசிப்போயிடும் மாப்ள’ என்றார். அடுத்தது தயிர்சாதம். அதைச் சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றிக் குழைத்து, உறை மோர்போல ஒரே ஒரு கரண்டித் தயிர் விட்டு மூடினார். வீட்டில் அது பால்சாதம். பெருங்களத்தூர் தாண்டும்போதுதான் தயிர்சாதம் ஆகும். வழியிலேயே பக்குவப்படும் அந்தத் தூக்கு ஒன்றுதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் நேரக்கணக்கோடு நடந்த பொருள்.

உரையாசிரியர்கள் விரைவுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வார்கள். சாப்பிட உட்கார்ந்தவனை வெளியிலிருந்து ஒருவன் அழைக்கிறான். இலையில் சோறு இருக்கும்போதே இவன் ‘உண்டேன், வந்தேன்’ என்கிறான். வெளியில் நின்றவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று எந்த உரையும் சொல்லவில்லை. எங்களுக்காகத் தங்கை எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் விசாரித்தேன். அவள் நிற்கவே இல்லை. ‘நாங்களும் கிளம்பிட்டோம்’ என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். இரண்டு வழுவமைதிகள் எதிர்ப்பட்டால் யாரும் காத்திருப்பதில்லை என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

கதவைப் பூட்டுவதோடு கிளம்புதல் முடிவதில்லை. அதற்கு நானே ஒரு நூற்பா செய்தேன்:

கேசும் மோட்டரும் கெடுபிடி மூச்சாவும்
பூட்டிய கதவைத் திறக்கும் சாவி.

அன்றைக்கு மூன்றுக்கும் மூன்று முறை திறந்தோம். வேன் நகர்ந்தபோது மணி 8.50.

6. தெளிவும் மிகுதியும்

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால், துளி விழுமுன்பே ‘மழை பெய்தது’ என்று சொல்லிவிடலாம் என்கிறது உரை மரபு. இது தெளிவு.

தங்கை மகன் கத்திப்பாராவரை சளசளவென்று பேசிக்கொண்டு வந்தான். பல்லாவரத்தில் பேச்சு நின்றது. ஜன்னலைப் பார்த்தான். எச்சிலை ஒரு முறை விழுங்கினான். ‘எடுத்துட்டான்’ என்றார் மாமியார். அவன் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் அந்த இறந்தகாலத்தை வேனில் ஒருவரும் மறுக்கவில்லை. தங்கை பையை விரித்தாள், அப்பா எலுமிச்சம்பழத்தை நீட்டினார், தங்கை வீட்டுக்காரர் தம் வெள்ளைச் சட்டையோடு அடுத்த சீட்டுக்குத் தாவினார். மழை பெய்தது.

மிகுதிக்கு உரைகாரர் காட்டுவது கள்வர் நிறைந்த காடு. அந்தக் காட்டுக்குள் புகுந்தால் ‘துணியைப் பறிகொடுத்தான்’ என்று முன்கூட்டியே சொல்வார்கள். தாம்பரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கடை வாசலில் சோப்புக் குமிழி டப்பாவும் பிளாஸ்டிக் பைனாகுலரும் சரம்சரமாகத் தொங்கின. ‘அந்தப் பக்கம் போனா காசு போச்சு’ என்றாள் மனைவி. பைனாகுலர் இல்லாமல் புலியை எப்படிப் பார்ப்பது என்று ஆறு பேர் ஒரே குரலில் கேட்டார்கள். போச்சு.

7. இயல்பு

நடந்து முடிந்ததை இன்னும் நடப்பதுபோல் சொல்வது சிலருக்கு இயல்பு. பெருங்களத்தூர் நெரிசலில் அப்பா பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: ‘எதுக்குடா இவ்ளோ தூரம் வரணும்? மூர் மார்க்கெட் பக்கத்துலதான் ஜூ இருக்கு. சென்ட்ரல்ல இறங்குறோம், பொடிநடையா போறோம், சிங்கத்தப் பாக்குறோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறோம்.’

சென்னை மிருகக்காட்சிசாலை 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்குப் போனது. 1985-இல் வண்டலூர் வந்தது. எழும்பூரிலிருந்து வண்டலூர் வர விலங்குகளுக்கே 130 ஆண்டு பிடித்திருக்கிறது. எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்ததும் அதே 1985-இல்தான். அப்பாவின் வாக்கியத்தில் இரண்டும் அப்படியே நிகழ்காலத்தில் நின்றுகொண்டிருந்தன. இலக்கணப்படி அது பிழையில்லை. திருத்த எனக்கும் மனம் வரவில்லை.

8. களத்தில் நேர்ந்தது

மணி 11.20. வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருந்தது. காவலாளி எங்களைப் பார்த்தார். முகமூடி மாட்டி, பைனாகுலரோடு வரிசையில் நின்ற ஆறு சிங்கங்களைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, ‘சார், இன்னிக்கு செவ்வாக்கிழமை’ என்றார்.

செவ்வாய் அங்கே வார விடுமுறை. விடுமுறைக் காலங்களில் சில செவ்வாய்க்கிழமைகளில் திறந்து வைப்பதுண்டு என்பதை நம்பி நான் விசாரிக்காமல் விட்டேன். அந்தச் சில செவ்வாயில் இது சேரவில்லை.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை வினைத்தொகை போன்றது, முக்காலத்துக்கும் பொருந்தும். மாமியார், ‘செவ்வாக்கிழமை எதுவும் வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்’ என்றார். சொல்லவில்லை. இதுவும் இறந்தகாலம்தான்.

இதற்குள் இரண்டு சிங்கங்களுக்கு மூச்சா வந்துவிட்டது. பக்கத்தில்தான் கிளாம்பாக்கம் பேருந்து முனையம், 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. கழிப்பறை நிச்சயம் இருக்கும் என்று வேனைத் திருப்பினோம். ‘கிளம்பாப் பாக்கம்’ என்பதே கிளாம்பாக்கம் என மருவியிருக்க வேண்டும் என்று வழியில் ஒரு துணிபுக்கு வந்தேன். அந்த நேரத்தில் அதைக் கேட்க யாரும் தயாராக இல்லை.

போன காரியம் முடிந்ததும் பிள்ளைகள் திரும்ப வேனில் ஏறவில்லை. நாகர்கோவில், திருச்செந்தூர் என்று பலகை மாட்டிய பெரிய பெரிய பஸ்கள் உறுமிக்கொண்டு பின்வாங்குவதைப் பைனாகுலரில் பார்க்கத் தொடங்கினார்கள். ‘அது யானை’, ‘இது காண்டாமிருகம்’ என்று பெயர் வைத்தார்கள். ஏசி பஸ் கதவு புஸ்ஸென்று மூச்சு விட்டுத் திறந்ததும் அலறி ஓடினார்கள். மறுபடி அது திறக்கும்வரை காத்துக் கிடந்தார்கள். உட்காரும் நாற்காலி ஒன்றின் மேல் கேக்கை வைத்து வெட்டினோம். மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போகிறவர்கள் சுற்றி நின்று சிங்கங்களை வேடிக்கை பார்த்தார்கள். திருச்செந்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பாட்டி சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு சிங்கத்துக்கு முறுக்குக் கொடுத்தார். விலங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்ற பலகை அங்கே இல்லை. பதிலுக்கு மாமியார் அவருக்கு ஒரு இலைத்துண்டில் தயிர்சாதமும் மோர்மிளகாயும் வைத்தார். பால்சாதம் சொன்ன நேரத்துக்குத் தயிர்சாதம் ஆகியிருந்தது.

9. முடிவுகள்

இவ்வாய்வால் பெறப்படுவன: குடும்ப உலாவில் போகும் இடம் பெயரளவுக்கே, வினை முழுவதும் புறப்பாட்டில் நடந்து முடிந்துவிடுகிறது. தீம் எதுவானாலும் மிஞ்சுவது முகமூடியும் தூக்கும்தான். கிழமை பார்க்கும் வேலையை ஆய்வாளரிடம் விடக் கூடாது. மூன்றாம் முடிவை மனைவி வழிமொழிந்து, குளிர்சாதனப் பெட்டி மேல் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஒரு தரவு மட்டும் எந்த வகையிலும் அடங்காமல் நிற்கிறது. சாயங்காலம் எதிர்வீட்டு ஆயா, ‘பொறந்தநாளுக்கு எங்கடி கண்ணு போனீங்க?’ என்று மகளைக் கேட்டார். முகமூடியைக் கழற்றாமலே அவள் சொன்னாள்: ‘ஜூவுக்குப் போனோம் ஆயா. இன்னிக்கு சிங்கத்துக்கெல்லாம் லீவாம். அதனால நாங்க சிங்கமா இருந்தோம்.’

அவள் சொன்னதில் விரைவு இல்லை, மிகுதி இல்லை, தெளிவு இல்லை, இயல்பும் இல்லை. ஆனாலும் அந்த இறந்தகாலத்தை வழு என்று தள்ள என்னால் முடியவில்லை. நன்னூலார் நான்கோடு நிறுத்திக்கொண்டார். அவர் செவ்வாய்க்கிழமையில் பிள்ளைகளோடு வண்டலூருக்குப் போனதில்லை.