பிரபலப் பேராசிரியரும் கூட்ட விதியும்

பல்கலைக்கழகத்துக்கு வந்துபோகும் பிரபலப் பேராசிரியரால் மாணவருக்கு என்ன லாபம் என்ற கேள்வியை அறிவுலகம் இதுவரை உரிய மரியாதையோடு அணுகவில்லை. வருபவருக்கான லாபம் தெரிந்ததே: பொன்னாடை, நினைவுப் பரிசு, போகவரப் பயணப்படி. நிறுவனத்தின் லாபமோ ஆண்டறிக்கையில் வண்ணப் படமாக அச்சாகிவிடுகிறது. மாணவர் பற்றுவரவை மட்டும் எவரும் எழுதிப் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்கப் புகுந்த இவ்வாய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரபலத்திடமிருந்து ஒருவர் பெறும் ஞானம், அப்போது உடனிருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு எதிர் விகிதத்தில் அமையும். இதைக் ‘கூட்ட விதி’ என்று அழைப்போம். பெயர் இல்லாத விதியை எந்தக் கருத்தரங்கிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

முதற்சான்று சென்னையிலேயே கிடைக்கிறது. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் மாநிலக் கல்லூரிக்கு வந்து உரையாற்றினார். அரங்கில் அமர்ந்து கேட்டவர்கள் என்ன பெற்றார்கள் என்பதற்கு வரலாற்றில் தடயம் அதிகமில்லை. கைதட்டியிருப்பார்கள் என்று கொள்ளலாம். சாமர்ஃபெல்ட் எழுதிய அணுவியல் நூலைக் கரைத்துக் குடித்திருந்த இளங்கலை மாணவர் சந்திரசேகர் மட்டும் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். அந்த நூலுக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது, நீ படித்ததெல்லாம் பழசு என்ற செய்திதான் அங்கே கிடைத்தது. கூடவே, இன்னும் வெளிவராத தம் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்படியையும் சாமர்ஃபெல்ட் கொடுத்தார். அதைக் கற்று மாணவர் எழுதிய கட்டுரை மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அரங்கில் கிடைக்காதது அறையில் கிடைத்தது; இடையில் குறைந்தது கூட்டம் ஒன்றுதான். அதே சந்திரசேகர் பின்னாளில் தாமே பிரபலமாகி, யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் காரோட்டிப் போய்ச் சிகாகோவில் இரண்டே மாணவருக்கு வகுப்பெடுத்தார் என்பது பிரசித்தமான கதை. அந்த இருவர் லீயும் யாங்கும். 1957இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆசிரியருக்கு 1983இல்தான் கிடைத்தது என்பதையும் பார்த்தால், சிறு வகுப்பில் ஞானம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பது விளங்கும்.

மறுமுனைக்குப் பாரிஸைப் பார்க்கலாம். முதல் உலகப்போருக்கு முந்திய ஆண்டுகளில் கொலேஜ் து பிரான்ஸில் ஆன்ரி பெர்க்சன் பேசுகிறார் என்றால் ஊரே திரளும். சீமாட்டிகள் இடம்பிடிக்க வேலையாட்களை முன்கூட்டியே அனுப்பிவைத்தார்கள். நம் பஸ் ஜன்னலில் துண்டு போடுவதுபோல அங்கே ஆளையே போட்டார்கள். பெர்க்சன் அதிகம் பேசியது காலத்தைப் பற்றி. அதில் பெரும்பகுதியைக் காத்திருந்து கழித்தவர்கள் அந்த வேலையாட்கள். தத்துவப் பட்டம் அவர்களுக்கல்லவா போயிருக்க வேண்டும்? ஆக்ஸ்ஃபோர்டு இன்னும் தெளிவான சான்று. 1931 மே 16 அன்று ஐன்ஸ்டைன் அங்கே ஜெர்மன் மொழியில் பேசினார். பிரபஞ்சத்தின் அடர்த்தி, ஆரம், வயது எல்லாம் அவர் கைப்பட எழுதிய கரும்பலகையை அழிக்காமல் எடுத்துவைத்தார்கள். இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதியது புரிந்திருந்தால் நோட்டில் குறித்துக்கொண்டு பலகையைத் துடைத்திருப்பார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும்: ஞானம் கிடக்கட்டும், கூட்டத்திலும் ஒரு செல்ஃபி கிடைக்கிறதே, அது லாபமில்லையா? இதைக் கவனமாகப் பரிசீலித்தோம். நன்றியுரை முடிவதற்குள் மேடையை மொய்த்து எடுக்கப்படும் அந்தப் படத்தில் மாணவர் கேமராவைப் பார்க்கிறார். பிரபலம் வாசலில் நிற்கும் காரைப் பார்க்கிறார். இருவரும் ஒரே ஊரில் இருந்தார்கள் என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. இதைவிட வலுவான ஆட்சேபம் மைக்கேல் ஃபாரடே. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய அந்தப் பையன் 1812இல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டான். டேவிக்குக் கூடிய கூட்டம் லண்டன் அறிந்தது. விதி உடைந்ததா? இல்லை. கேட்டதோடு அவன் நிற்கவில்லை. குறிப்புகளை விரித்தெழுதி, தானே பைண்டிங் செய்து, டேவிக்கு அனுப்பிவைத்தான். புத்தகத்தைப் புரட்டும்போது டேவிக்கு எதிரே கூட்டம் ஏது? மறு ஆண்டு ஃபாரடேக்கு ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. கைத்தொழில் ஒன்றைக் கற்றுவைத்திருந்தால் கூட்டத்தையும் கடக்கலாம் என்று ஒரு துணைவிதி சேர்த்தால் போதும்.

ஷோப்பன்ஹவரைச் சிலர் நினைவூட்டுவார்கள். 1820இல் பெர்லினில், ஹெகல் வகுப்பெடுக்கும் அதே நேரத்தில் வேண்டுமென்றே தம் வகுப்பையும் வைத்து, ஏறத்தாழ ஐந்து பேரோடு உட்கார்ந்தவர் அவர். அந்த ஐவரும் என்ன ஆனார்கள் என்று கேட்பது முறையல்ல. அன்று அவர் பிரபலமே இல்லை, விதியின் எல்லைக்குள் வரமாட்டார். உண்மையான சிக்கல் நியூட்டன்தான். அவர் பாடத்தைக் கேட்க ஆள் வராமல், கேம்பிரிட்ஜில் பல நாள் சுவர்களுக்கே வாசித்ததாக அவருடைய உதவியாளர் எழுதிவைத்திருக்கிறார். கேட்பவர் எண்ணிக்கை பூஜ்யமானால், எமது சூத்திரப்படி ஞானம் எல்லையற்றதாக வேண்டும். அந்தச் சுவர்களுக்கு இதுவரை கௌரவ டாக்டர் பட்டம்கூட வழங்கப்பட்டதாகத் தெரியவில்லை.