வாளித் தண்ணீரே, வாழ்க

வாளித் தண்ணீரே, உன் உழைப்பை மறந்தால் நான் நன்றி கெட்டவளாவேன். பத்துமலையில் எங்கள் வரிசை வீட்டு மாடியறைத் தரை மெர்பாவ் பார்க்கே, பட்டை பட்டையாக மரத்துண்டுகளை ஒட்டிய தரை. 2019இல் மலேசியா தன் தேசிய மரமாக அறிவித்ததே, அந்த மெர்பாவ். முப்பது வருடம் அதன்மேல் கட்டிலை இழுத்தோம், பிள்ளைகள் குதித்தார்கள், அது அசையவே இல்லை. மோப்போடு உன்னை மேலே கூட்டி வந்தேன். மூன்றே வருடத்தில் அசைத்துக் காட்டினாய்.

உன் பணிவு யாருக்கு வரும்? பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மயிரிழைச் சந்து இருந்தால் போதும், குனிந்து நுழைந்துவிடுவாய். வார்னிஷ் தடுத்தால் கோபப்பட மாட்டாய். அது தேய்ந்த இடம் எது என்று பொறுமையாகத் தேடிக்கொள்வாய். உள்ளே போனதும் மரத்துக்கு வயிறாரக் கொடுப்பாய். நீ கொடுத்ததைக் குடித்த மரம் நீளவாக்கில் வளராது, அகலத்தில்தான் உப்பும். இடம் போதாமல் பட்டைகள் ஒன்றையொன்று நெருக்கி, அடியிலிருக்கும் பசையை விட்டு, கூரை முகடு மாதிரி எழுந்து நிற்கும். படுத்துக் கிடந்த மரத்தை எழுப்பி நிற்க வைத்த கை உன் கை.

மெர்பாவ் ஆணிக்கே எளிதில் இணங்காது. உன்னிடம் மட்டும் மனம் திறந்தது. உள்ளே வைத்திருந்த செம்பழுப்புச் சாயத்தையெல்லாம் உன்னிடம் கொட்டியது. நீயும் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் வெள்ளைச் சுவரின் அடியில் சேர்த்தாய். ஈரம் தேடி அலையும் கரையானுக்கும் வழி சொல்லியிருக்கிறாய். எல்லோருக்கும் உபகாரி நீ.

அம்மாவின் கிழிந்த கைலித் துணிக்கு இந்தத் திறமை ஏது? முதலில் மென்மையான துடைப்பத்தால் மணலைக் கூட்டுவார், மணல் கீறும் என்று. பிறகு அந்தத் துணியைச் சொட்டு இல்லாமல் பிழிந்து, மர ரேகை ஓடும் வழியிலேயே இழுப்பார். அவர் நிமிர்வதற்குள் தரை காய்ந்திருக்கும். துணி வந்து போன தடமே தெரியாது. நீயோ வந்தால் தங்குகிறவன். காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் ஊர் இது, பின்நேரமானால் மழை வேறு. உன்னைச் சீக்கிரம் கிளப்ப இங்கே வெயிலுக்கும் மனம் வராது.

மலையடியில் இருப்பதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1920இல் குகைக்கோயிலுக்கு ஏற மரப்படிகள்தான் போட்டார்கள். இன்று நாம் ஏறுகிற 272 படிகளும் சிமெண்டு. அந்த மரம் வெட்டவெளியில் நின்றது, மழை தானாக வந்தது. எங்கள் மரத்துக்கு மேலே ஓட்டுக்கூரை இருந்தது. அந்தக் குறையை நீக்க, வாரம் மூன்று முறை மழையை நானே வாளியில் மாடிக்குச் சுமந்தேன். சுத்தம் என்று நம்பித்தான் சுமந்தேன்.

இந்தத் தைப்பூசத்துக்கு வீடு கழுவும்போது நீ மாடிப்படி ஏறிச் சிரமப்பட வேண்டாம். கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை முழுவதும் உனக்குத்தான், ஆசை தீர ஓடு. கழன்ற பட்டைகளை மேலே பழைய பத்திரிகைத் தாளில் பரப்பிக் காய வைத்திருக்கிறேன். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். உன் பக்கம் கறுத்திருக்கிறது. அம்மா மண்டியிட்டுத் துடைத்த பக்கத்தில் இன்னும் பளபளப்பு இருக்கிறது.